கணக்கு முடித்துப் புறப்படும் பேராசிரியருக்கு ஒரு வாழ்த்து மடல்

வெளிநாட்டுப் பேராசிரியர்கள் செட்டிநாட்டுக்கு வந்து தங்குவதும், பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வாரத்துக்கு இரண்டு வகுப்பு எடுப்பதும், மிச்ச நேரமெல்லாம் எங்களை ஆராய்வதும், பிறகு கண் கலங்கப் புறப்பட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டன. போகிற ஒவ்வொருவருக்கும் பொன்னாடை வேண்டும், சந்தன மாலை வேண்டும், சட்டம் போட்ட வாழ்த்து மடல் ஒன்றும் வேண்டும். முதல் இரண்டும் காரைக்குடிக் கடையில் கிடைத்துவிடும். மடல்தான் என் தலையில் விழுகிறது. கல்யாணத்துக்கும் அறுபதாங் கல்யாணத்துக்கும் எழுதிப் பழகிய கை; மாட்டேன் என்று சொல்ல முடிவதில்லை. ஆகவே இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதி ஆத்தங்குடியில் வைத்துவிட்டேன். பெயர் எழுதும் இடமும் நாட்டின் பெயர் எழுதும் இடமும் காலியாக இருக்கின்றன. மற்றதெல்லாம் ஏறக்குறைய எல்லாருக்கும் பொருந்தும். பொருந்தாத ஒருவர் வந்து சேர்ந்தால் அன்றைக்கு வேறு எழுதிக்கொள்ளலாம்.

அறிவும் அன்பும் ஒருங்கே நிறைந்த பேராசிரியர் பெருந்தகையே!

தாங்கள் வருவதற்கு முன்னால் எங்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டில் பிறந்து வளர்ந்தும், அதற்குள் இத்தனை இயல்கள் இருப்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் ஏறியபோதுகூட, பட்டியலில் ஏறினால் ஓடு மாற்றப் பணம் வருமா என்று கேட்கிற நிலையில்தான் இருந்தோம். தாங்கள் வந்து, வளவின் தாழ்வாரத்தில் மழைத்தண்ணீர் இறங்கிய சுவரின் முன்னால் கேமராவை நிறுத்தி, இந்த ஈரக் கறையை யாரும் தொட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டீர்கள். நாங்களும் தொடவில்லை. பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி அந்தக் கூரையைச் செப்பனிடுவது எப்படியும் நடக்கிற காரியமில்லை. இருந்தாலும், வாளியை வைத்து எடுக்கிறவருக்கு, நாம் ஒரு நூலின் அட்டைப்படத்தைப் பாதுகாக்கிறோம் என்ற பெருமையை அளித்தது தாங்கள்தான்.

கல்லூரியில் தாங்கள் நடத்திய பாடத்தைப் பற்றி மாணவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். கள ஆய்வு செய்யும் முறையைக் கற்பித்தீர்கள். ஏட்டுப் பாடத்தோடு நிறுத்தாமல், செய்முறைப் பயிற்சி என்று சொல்லிப் பிள்ளைகளைப் பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் வெயிலில் அனுப்பி, வீடு வீடாகக் கேட்டு எழுதி வரச் செய்தீர்கள். அவர்கள் கொண்டுவந்த குறிப்புகள் தங்கள் நூலின் நான்காம் இயலாக மலர்ந்தன. பிள்ளைகளுக்கு மதிப்பெண், தங்களுக்கு இயல். கற்பிக்கிற நேரம் ஆராய்ச்சியைத் தின்றுவிடுகிறது என்று உலகமெங்கும் பேராசிரியர்கள் புலம்பிக்கொண்டிருக்க, தாங்கள் அந்தச் சிக்கலையே இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தாங்கள் விடை சொன்னதில்லை. அவரவர் விடையை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும் என்று சுதந்திரம் கொடுத்தீர்கள். தங்கள் கேள்விகளுக்கு மட்டும் விடை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். பேட்டிகள் அத்தனையையும் கேட்டு, எழுதி, ஆங்கிலமாக்கிக் கொடுத்த பெண்ணைத் தாங்கள் மறக்கவில்லை. நன்றியுரையில், தங்கள் நாய்க்கு அடுத்தபடியாக, அவளுக்கும் இடம் கொடுத்திருக்கிறீர்கள். அவள் பெயரில் இரண்டு எழுத்து முன்பின்னாக மாறியிருப்பது அச்சுப் பிழையாகத்தான் இருக்கும். நாயின் பெயர் சரியாக இருக்கிறது.

இனி எங்கள் ஊர்க் கல். இதைத் தாங்கள் ஆராய்ந்த ஆழத்தைச் சொல்லாவிட்டால் மடல் முழுமை பெறாது. ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடித் தகட்டைத் துடைத்துக் கீழே வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூப்போட்ட தகட்டு அச்சை உள்ளே இறக்கி, சிமெண்டும் சாயப்பொடியும் சேர்த்துக் கரைத்த குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மேலே தூக்க வேண்டும். சிவப்பு மஞ்சளோடு சேராமல், பச்சை வெள்ளைக்குள் ஓடாமல் தூக்க வேண்டும். சொல்ல ஒரு வரி. கை படிய வருஷங்கள் ஆகும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, முதுகுக்குக் கலவை அப்பி, கரணையால் மட்டம் பார்த்து, சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு கிடந்த பக்கம்தான் கல்லின் முகம். அந்த வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வாங்கியது. தரையில் பதித்த பின் கால் படப் பட, துணி படப் பட இன்னும் ஏறும்.

இவ்வளவையும் தாங்கள் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி எந்த நாட்டிலிருந்து வந்தது, சாயப்பொடி எந்த வழியாக வந்தது, சிமெண்டு எப்போது வந்தது, எல்லாவற்றுக்கும் ஊர், ஆண்டு, அடிக்குறிப்பு. அச்சைத் தூக்கியவருக்கு மட்டும் பெயர் இல்லை. முகமும் இல்லை. நூலில் உள்ள படங்களிலெல்லாம் கைகள்தாம் இருக்கின்றன. மணிக்கட்டோடு நறுக்கிய, வெளிச்சம் நன்றாக விழுந்த, நரம்பு தெரிகிற கைகள்.

மறந்துவிட்டீர்களோ என்று முதலில் தப்பாக நினைத்தேன். இல்லை, அது அறம் என்று விளக்கினீர்கள். பேசியவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது தங்கள் பல்கலைக்கழக அறக்குழுவின் கட்டளையாம். என்ன பரிவு! பட்டறை வாசலில் தன் பெயரையும் கைப்பேசி எண்ணையும் ஆளுயர எழுத்தில் எழுதிவைத்து, எவராவது பார்த்து ஆர்டர் கொடுக்க மாட்டாரா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரை, உலகத்தின் கண்ணில் படாமல் காப்பாற்றிவிட்டீர்கள். அதற்காக அவரிடம் முறைப்படி சம்மதமும் வாங்கினீர்கள். படிவம் பல பக்கம், அத்தனையும் ஆங்கிலம். எந்தத் திட்டத்துக்குப் பெயர் சேர்க்கிறார்கள் என்று விளங்காவிட்டாலும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ரேஷன் அட்டை நகல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். பட்டறையில் கை நின்றால் கல்லும் நிற்கும். தாங்கள் பேட்டி எடுத்த பிற்பகல்களில் கல் குறைந்தது உண்மைதான். பெரிய வீட்டில் சினிமா எடுக்க வருகிறவர்கள் வாடகை என்று எதையோ கொடுத்து மனிதரைக் கெடுத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்தால் வாக்குமூலத்தின் தூய்மை போய்விடும் என்று தாங்கள் உறுதியாக நின்றீர்கள். தூய்மை போகவில்லை.

தங்களுக்கு முன்னால் வந்தவர்களில் சிலர் கெட்ட முன்மாதிரிகளை விட்டுப் போயிருக்கிறார்கள் என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். டேவிட் ரட்னர் என்று ஓர் அமெரிக்கர். கலிபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் 1994-இல் வெளியிட்ட அவருடைய நூல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பற்றியது. பதினேழாம் நூற்றாண்டில் நகரத்தார் உப்பு விற்கப் பழனிக்குப் போனது தொடங்கி, கோயிலும் கடையும் கொள்வினை கொடுப்பினையும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் பின்னிக் கிடந்தன என்பது வரை மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். நிஷிமுரா யூகோ என்று ஜப்பானிய அம்மையார் ஒருவர். நகரத்தார் பெண்களின் சொத்துரிமையையும் உறவுமுறையையும் ஆராய்ந்து 1998-இல் நூலாக்கினார். இவர்கள் நூல்களில் எங்களுக்குப் பிடிக்காத இடங்கள் உண்டு, சண்டை போடலாம். சண்டை போடும் அளவுக்கு எங்களைப் பற்றி எழுதுவது விருந்தாளிக்கு அழகா? தங்கள் நூலைப் படித்துச் சண்டைக்கு வர ஒருவராலும் முடியாது. அதன் தலைப்பில் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதும் எங்களுக்குப் புரியவில்லை, பின்னால் இருப்பதும் புரியவில்லை.

இப்படி வெளிநாட்டில் தங்கிவிட்டுத் திரும்புவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊர் ஐயாக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதான். கொண்டுவிக்கப் போவது என்பார்கள். ரங்கூன், மோல்மீன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் என்று கடல் கடந்து போய்க் கிட்டங்கியில் பாயும் பெட்டியுமாக இருந்தார்கள். பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக உயர்வார். ஏஜெண்டுக்கு ஒரு கணக்கு என்பது மூன்று ஆண்டு. மனைவியும் மக்களும் இங்கே வளவில். சம்பளத்தில் ஒரு பகுதி போகும்போதே கிடைக்கும். திரும்பும்போது லாபத்தில் ஒரு பங்கு கிடைக்கும். தங்கள் ஆராய்ச்சிக்குக் கிடைக்கிற நல்கைப் பணமும் ஏறத்தாழ அப்படித்தான் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தங்கள்மேல் உறவு போலவே ஒரு பற்று உண்டாயிற்று.

ஆனால் ஐயாக்களின் முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. கணக்கு முடிகிற ஏஜெண்டு உடனே கப்பல் ஏறிவிட முடியாது. அடுத்த ஏஜெண்டு வந்து இறங்க வேண்டும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேரேட்டைப் பிரிக்க வேண்டும். வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, இனி வராது என்று கைகழுவியது எவ்வளவு என்று வரி வரியாக ஒப்படைக்க வேண்டும். ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும். அதில் பிசகு வந்தால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போனால் அந்தப் பிசகு முன்னாலேயே போய் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். தங்கள் முறையில் இந்தத் தொல்லை ஏதும் இல்லை. வரவு அங்கே, பற்று இங்கே. இரண்டும் ஒரே பேரேட்டில் சந்திப்பதே கிடையாது. நல்கை கொடுத்தவருக்குத் தாங்கள் அனுப்பிய இறுதி அறிக்கையில் எல்லாம் நேராக இருந்ததாம். எங்களுக்கு அறிக்கை கிடையாது என்பதால் எங்களுக்கும் எல்லாம் நேராகவே இருக்கிறது.

இந்த இடத்தில் சிறிது நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மடலில் இது வழக்கமில்லை. தங்களுக்கு எழுதுவது போல, பர்மாவில் கணக்கு முடித்துத் திரும்பிய எங்கள் ஐயா யாருக்காவது அந்த ஊர் விவசாயிகள் ஒரு வாழ்த்து மடல் எழுதிக் கொடுத்திருப்பார்களே, மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய பெட்டகத்தைக் குடைந்தேன். பற்றுச்சீட்டு இருக்கிறது, வட்டிச் சிட்டை இருக்கிறது, கப்பல் டிக்கெட்டுகூட இருக்கிறது. மடல் இல்லை. காரணம் தேடப் பெட்டகம் வேண்டியதில்லை. 1930-இல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு நகரத்தார் கையில் இருந்தது. 1938-இல் அது 25 பங்கு. நெல் விலை விழுந்தது, கடன் வரவில்லை, வேறு வழியில்லாமல் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டோம் என்பார்கள் எங்கள் தரப்பில். அது பொய்யில்லை, வட்டிக்கடைக்காரருக்குச் சேற்றில் இறங்க ஆசை கிடையாது, அவருக்கு வேண்டியது ரொக்கம். ஆனால் வரப்பின் மறுபக்கம் நின்றவருக்கு அந்த விளக்கம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பதை யாரும் பேட்டி எடுக்கவில்லை. 1942-இல் ஜப்பான் குண்டு விழுந்தபோது பலர் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தார்கள். நாடு விடுதலை பெற்றபின் நிலம் அரசுடைமையாயிற்று. இங்கே வளவில் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன.

ஆகவே எடுத்துக்கொண்டு போகிறீர்களே என்று தங்களைப் பார்த்துக் கேட்க எங்களுக்கு நாக்கு எழுவதில்லை. எங்கள் குலத்தொழிலைத்தான் செய்கிறீர்கள். எங்களைவிட நயமாகச் செய்கிறீர்கள். நாங்கள் ஒரு தூணைக் கொண்டுவர அதைக் கப்பலில் ஏற்ற வேண்டியிருந்தது. தாங்கள் அந்தத் தூணையும், அதைத் தாங்குகிற வீட்டையும், அதில் சாய்ந்துகொண்டு எங்கள் ஆச்சி சொன்ன தாலாட்டையும் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டீர்கள். சுங்கத்திலும் தடையில்லை. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தாங்கள் வாங்கிய பித்தளைத் தூக்குக்கு வயது என்ன என்று விமான நிலையத்தில் கேட்கலாம். தாலாட்டுக்கு வயது கேட்கிற அதிகாரி இன்னும் பிறக்கவில்லை.

வெளிநாட்டு வாசத்தை எப்படி முடிக்கக் கூடாது என்பதற்கு எங்கள் பக்கத்து ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. மேலைச்சிவபுரி வ.சுப. மாணிக்கம் சிறு வயதில் ரங்கூனுக்கு ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனார். வருமான வரி அதிகாரி வந்து கேட்டால் நான் இல்லை என்று சொல்லிவிடு என்றார் முதலாளி. இருக்கிறவரை இல்லை என்று எப்படிச் சொல்வது என்றான் பையன். அதோடு வேலை போயிற்று. பையன் ஊருக்குத் திரும்பினான். கையில் ஒரு பேட்டி இல்லை, ஒரு புகைப்படம் இல்லை, ஒரு பொய்கூட இல்லை. இப்படிச் சாமர்த்தியம் இல்லாமல் திரும்பியவர் பிறகு பண்டிதமணி கதிரேசச் செட்டியாரிடம் தமிழ் கேட்டு, சங்க அகப்பாடல்களை ஆராய்ந்து ‘தமிழ்க் காதல்’ எழுதி, காரைக்குடி அழகப்பா கல்லூரியில் தமிழ் கற்பித்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார் என்பது வேறு கதை. தங்கள் பல்கலைக்கழகத்தின் பதவி உயர்வுக் குழு முன்னால் அவருடைய ரங்கூன் காலத்தை வைத்தால் ஒரு புள்ளி கிடைக்காது.

அழகப்பச் செட்டியார் கதையும் கிட்டத்தட்ட அதுதான். கோட்டையூர்க்காரர். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்து, விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு திரும்பியவர். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த வறண்ட பூமிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். வெளிநாட்டில் படித்ததை வைத்துத் தனக்கென்று ஒன்றும் கட்டிக்கொள்ளத் தெரியாதவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி வேறு என்ன சொல்ல?

சிகாகோ பல்கலைக்கழகம் செய்ததோ இன்னும் மோசம். கோட்டையூர் முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் கடை வைத்திருந்தார். கடையின் பெயர் ரோஜா. அதனால் ரோஜா முத்தையா. சம்பாத்தியத்தையெல்லாம் பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வாங்கிக் குவித்தார். கோட்டையூர் வீடு முழுவதும் காகிதம். அவற்றைப் பூச்சி தின்னாமல் தன் கையாலேயே மருந்து வைத்துக் காத்தார். அவர் 1992-இல் காலமானார். 1994-இல் அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியது. வாங்கியவர் பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்ற வேண்டியதுதானே முறை? சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று வைத்து, நுண்படச் சுருள் எடுக்கிற வேலையையும் இங்கேயே நடத்தினார்கள். இன்றைக்கும் தரமணிக்குப் போய்க் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். வாங்கின சரக்கை வாங்கின ஊரிலேயே விட்டுப் போகிற இந்த வியாபாரத்தை எங்கள் ஐயாக்கள் பார்த்திருந்தால் சிகாகோவுக்கு ஒரு பெட்டியடிப் பையனை அனுப்பிக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

தாங்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. பதிவுகள் அத்தனையும் தங்கள் பல்கலைக்கழகத்தின் கணினியில் கடவுச்சொல்லுக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆச்சி தான் பாடிய தாலாட்டைத் தானே கேட்க ஆசைப்பட்டால் அந்தப் பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை போதும். அதைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படிக்க நாற்பது டாலர் போதும். கவுனி அரிசியும் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் கொடுத்து அனுப்பிய வீட்டுக்கு இது ஒரு பெரிய தொகையா?

பிரிவு உபசாரத்தில் தாங்கள் தமிழிலேயே பேசியது எல்லாரையும் உருக்கிவிட்டது. வணக்கம், நன்றி, ரொம்ப சந்தோஷம் என்ற மூன்றையும் தாளைப் பார்க்காமல் சொன்னீர்கள். இத்தனை காலம் எங்களோடு இருந்ததற்கு அது அடையாளம். ஆத்தங்குடி என் இரண்டாவது வீடு என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னபோது கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. தங்கள் முந்தைய நூல்களின் முன்னுரைகளைப் புரட்டிய எங்கள் பையன் ஒருவன், தங்களுக்கு இந்தோனேசியாவில் ஓர் இரண்டாவது வீடும் பெருவில் ஓர் இரண்டாவது வீடும் ஏற்கெனவே இருப்பதாகச் சொன்னான். இருக்கட்டும். இருக்கிற ஒரே வீட்டில் பங்கு பிரிக்க முடியாமல் கோர்ட்டுக்கு அலைகிறவர்கள் நாங்கள். எந்த ஊரிலும் வரி கட்டாமல், ஓடு மாற்றாமல், பங்காளி முகத்தில் விழிக்காமல் இத்தனை வீட்டை வைத்துக் காப்பாற்றுகிற வித்தையைத் தங்களிடம்தான் கற்க வேண்டும்.

தாங்கள் போனபின் அடுத்தவர் வருகிறார் என்று தகவல் வந்திருக்கிறது. மார்கழி பிறந்தால் வந்துவிடுவாராம். அவருடைய தலைப்பிலும் முக்காற்புள்ளி இருக்கிறது. தங்கள் கேள்வித்தாளையாவது அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகக் கூடாதா என்று எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். ஆச்சி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டாமே என்று அவர்களுக்குக் கவலை. அதற்கு அவசியமே இல்லை. ஆச்சி இப்போது தேறிவிட்டார். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்தவுடனே, “உக்காருங்க தம்பி. மொதக் கேள்விக்குப் பதினாறு வயசு. ரெண்டாவதுக்கு அப்பச்சி பினாங்குல இருந்தாக. மூணாவது அழுகுற கேள்வி, அதைக் காப்பி குடிச்சிட்டு வச்சுக்குவோம்” என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறார். வந்தவருக்கு நேரம் மிச்சம்.

தங்களுடைய கடைசிப் பேட்டியின்போதுதான் அவர் வரிசையில் இல்லாத ஒன்றைப் பேசினார். “இவ்வளவு நாள் நீங்க கேட்டீக, நான் சொன்னேன். இப்ப நான் ஒண்ணு கேக்குறேன் தம்பி. நான் உங்க ஊருக்கு வந்து, உங்க ஆத்தா வீட்டுல ஒரு வருஷம் தங்கி, அவுக பெட்டியில என்ன வச்சிருக்காக, மருமகளுக்கும் அவுகளுக்கும் எப்படி, உங்க அப்பச்சி செத்தப்ப யாரு யாரு அழுதாக, எல்லாம் கேட்டு எழுதணும். அதுக்கு விசா எந்த ஆபீஸ்ல குடுக்குறாக?”

அந்தப் பெண் மொழிபெயர்த்துச் சொன்னதும் தாங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அருமை, அருமை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டீர்கள். விடை சொல்லவில்லை. ஆனால் முறை தவறாதவர் அல்லவா, அந்தக் கேள்வியைத் தங்கள் நூலில் சேர்த்துக்கொள்ள ஆச்சியிடம் இன்னொரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே எழுந்தீர்கள்.